ஃபெலிசாவின் வயிறு

எனக்கு நன்றாகச் சமைக்கத் தெரியும், சார். எங்கள் கரையில் அது ஆண்பிள்ளைக்குப் பெருமையான விஷயம் இல்லை. ஆனாலும் அங்கிருந்து ஆரம்பிப்பதுதான் சரி என்று படுகிறது. என் மனைவி ஃபெலிசா ஒரு சீனக் கிழவியைப் பார்த்துக்கொள்ள ஹாங்காங் போனபோது எங்கள் மகள் மாரிசெலுக்குப் பால்பல்கூட விழவில்லை. அவளுக்குத் தலை வாரியது, பள்ளிக்கூடத்துக்கு மீன் வறுத்துக் கட்டிக்கொடுத்தது, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் படுத்தது எல்லாம் நான். படகுத்துறையில் என்னைப் பார்த்தால் கேட்பார்கள்.

"என்ன ருஃபீனோ, இன்னிக்குப் பாவாடை என்ன கலரு?"

"மஞ்சக் கலருடா. உன் பொண்டாட்டிதான் துவைச்சுக் குடுத்தா."

அவர்களும் சிரிப்பார்கள், நானும் மீனை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். எனக்குக் கோபம் வருவதில்லை. யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள்.

மாரிசெல் கல்யாணமாகி தவாவோ நகரத்துக்குப் போனாள். அதற்கு அடுத்த வருடம் ஹாங்காங் கிழவி இறந்தாள், ஃபெலிசா ஊர் திரும்பினாள். பெட்டி நிறைய சோப்பும் சாக்லேட்டும் கொண்டுவந்தாள். நான் வினிகரில் மீன் வேகவைத்து வைத்திருந்தேன், போவதற்கு முன்பு அவளுக்கு மிகவும் பிடித்தது. ஒரு வாய் எடுத்தாள். தட்டை மெதுவாகத் தள்ளினாள்.

"உப்பு ஜாஸ்தி பீனோ. அங்கல்லாம் வெறும் ஆவியில வேகவச்சு சாப்பிடுவோம். நாக்கு அப்படியே பழகிடுச்சு."

ஆனால் பக்கத்து வீட்டில் சாப்பிட்டாள். அங்கே இருப்பவள் பாசிங், கருவாடு விற்கிறவள். எங்கள் இருவரையும்விட மூத்தவள் என்பதால் அக்கா என்ற அர்த்தத்தில் மனாங் என்றுதான் கூப்பிடுவோம். அவள் என்னைத் தம்பி என்று தோத்தோ என்பாள், ஃபெலிசாவைத் தங்கச்சி என்று இந்தாய் என்பாள். அவள் சமையலில் உப்பு என்னுடையதைவிட அதிகம். ஃபெலிசா அங்கே உட்கார்ந்து சிரித்துக்கொண்டே சாப்பிடுவது மூங்கில் தட்டி வழியாக எனக்குக் கேட்கும். அதை நான் பெரிதுபடுத்தவில்லை.

திருவிழாவில் தின்ற சிப்பி அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அது தானாக வந்தது. வாந்தியும் பேதியுமாகப் படுத்துவிட்டாள். இஞ்சி தட்டிப் போட்டுக் கஞ்சி வைத்தேன். ஆற்றி, கரண்டியால் ஊட்டினேன். பாதிக் கிண்ணத்தில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இது ஒண்ணுதான் வயித்துல நிக்குது. வேற யார் குடுத்தாலும் எனக்கு வேணாம் பீனோ."

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் அதுபோல எதுவும் சொன்னதில்லை, சார். அந்த ஒரு வாரம் எங்கள் வீடு வீடாக இருந்தது.

பிறகு தேறிவிட்டாள். தேறிய கையோடு ஏஜென்சிக்காரன் போன் செய்தான். ஹாங்காங்கில் வேறொரு வீடு, ஒரு கிழவர், நல்ல சம்பளம்.

"ரெண்டே வருஷம்தான். மாடி போட்டுட்டு வந்து உக்காந்துடறேன், அப்புறம் நீயே போகச் சொன்னாலும் போக மாட்டேன்," என்றாள்.

போய்விட்டு வா என்றேன். அவளுக்கு உள்ளுக்குள் விருப்பம் இல்லை. வாயால் சொல்லவில்லை. ஆனால் அது புருஷனுக்குத் தெரியும். பணம் என்று வந்துவிட்டால் எங்கள் பெண்கள் தங்கள் மனசை ஒளித்துக்கொள்வார்கள். யாராவது ஒருவர் குடும்பம் சிதறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு உடல் பரிசோதனை உண்டு, உங்களுக்கே தெரியும். தகுதி என்று டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் வேலியில் ஒரு செடி நிற்கிறது. பெயரை இப்போது சொல்லவில்லை, நீங்கள் எழுதுவதை வேறு யாராவது படிக்கக்கூடும். பிறகு நேரில் காட்டுகிறேன். ஆடுகூட அதில் வாய் வைக்காது. பயணத்துக்கு முன்னால் வயிறு லேசாக இருக்கட்டும் என்று சொல்லிக் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். அதில் அந்தச் செடியின் விதையைக் கொஞ்சம் சேர்த்தேன். பரிசோதனை தள்ளிப்போனால் போதும் என்பதுதான் எண்ணம். தள்ளிப்போனது. மறுபடி தேதி கொடுத்தார்கள். மறுபடியும் கஞ்சி வைத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு டாக்டர் விடாமல் அவளைக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். ரத்தம் எடுத்தார்கள், மலம் பார்த்தார்கள், பித்தப்பையைப் படம் எடுத்தார்கள், வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஒருவர் பால் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். நிறுத்தினோம். ஒருவர் கோதுமை என்றார். பிஸ்கட்டைக்கூட நிறுத்தினோம். இன்னொருவர் மனக்கவலை என்று தூக்க மாத்திரை எழுதினார். எல்லா இடத்திலும் நான்தான் பேசுவேன். அவளுக்குக் கூச்சம்.

"வெளிய எங்கயாவது சாப்பிடறாங்களா?" என்று ஒரு பெண் டாக்டர் கேட்டார்.

"இல்லைங்க டாக்டர். எல்லாம் வீட்டுச் சாப்பாடுதான். நானே செய்யறேன்."

அவர் ஃபெலிசாவைப் பார்த்து, "குடுத்துவச்சவங்க நீங்க," என்றார். ஃபெலிசா என் கையைத் தொட்டாள்.

நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஒவ்வொரு முறையும் டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வரும்போது நான் எழுந்து நின்றுவிடுவேன். ஏதாவது ஒன்று கண்டுபிடித்திருக்க வேண்டுமே என்று மனதார வேண்டிக்கொள்வேன். ஒரு சின்னப் புண், ஒரு கல், எதுவானாலும் சரி. அப்படி ஒன்று இருந்திருந்தால் இது என்னால் மட்டும் வந்ததில்லை என்று ஆகியிருக்கும், நானும் நிறுத்தியிருப்பேன். எல்லாரும் ஒன்றும் இல்லை என்றே சொன்னார்கள். ஒன்றும் இல்லை என்று கேட்டுக்கொண்டு பஸ்ஸில் திரும்பும்போது அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு வருவேன்.

மாரிசெலுக்குக் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு நான் மட்டும் தவாவோ போனேன். அவ்வளவு தூரம் கப்பலில் வர ஃபெலிசாவுக்குத் தெம்பு இல்லை. பாசிங் வீட்டில் தங்கினாள். நான் திரும்பி வந்தபோது கருவாட்டை மிளகாய் வினிகரில் தோய்த்து இரண்டாவது தட்டு சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கன்னம் தெளிந்திருந்தது. ஏஜென்சிக்கு அவளே போன் செய்து, தேதி வாங்கிவிட்டாள். எங்கள் சமையலறைச் சுவரில் சீன மொழிச் சொற்களைக் கரியால் எழுதி வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீட்டுக்கு வந்த வாரமே மறுபடி படுத்தாள்.

பாசிங் படிக்காதவள்தான், மூளை இருந்தது. என்னை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தாள். "ஏன் தோத்தோ, தண்ணி எங்கேருந்து எடுக்கறே? பானையைக் கழுவறியா?" என்று சாதாரணமாகக் கேட்பாள். அவள் கேட்டுக்கொண்டே போனால் எங்கே வந்து நிற்பாள் என்று எனக்குத் தெரிந்தது. ஊரே லோலோ என்று கூப்பிடும் வைத்தியர் இஸ்டோ தாத்தாவை நான் வரவழைத்தேன். ஊரில் டாக்டருக்குப் பிடிபடாத நோய்க்கெல்லாம் அவரைத்தான் கூப்பிடுவோம், அதில் யாருக்கும் சந்தேகம் வராது.

அக்கம்பக்கத்தார் வாசலில் கூடிவிட்டார்கள். கிழவர் மெழுகுவர்த்தியை ஃபெலிசாவின் வயிற்றுக்கு மேல் மூன்று சுற்றுச் சுற்றி, பேசினில் இருந்த தண்ணீரில் சொட்டவிட்டார். மெழுகு உறைந்தது. கண்ணருகில் தூக்கிப் பார்த்தார்.

"பொம்பள உருவம். ரொம்பப் பக்கத்துல இருக்கிறவ."

பாசிங் எட்டிப் பார்த்தாள். "எனக்கு அது கோழி மாதிரில்ல இருக்கு லோலோ. காலைல இருந்து ஒண்ணும் சாப்பிடலையா நீங்க?"

கூட்டம் சிரித்தது. கிழவரும் லேசாகச் சிரித்துவிட்டார். அவள் அதோடு நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மெழுகையெல்லாம் விடுங்க. நான் ஒண்ணு கேக்கறேன். இந்தாய் ஃபெலிசா என் வீட்டுல இருந்தப்ப கல்லைக் குடுத்தாலும் செரிச்சா. ஒரு நாள் வாந்தி கிடையாது. இங்க வந்து படுத்ததும் ஏன் திரும்ப வருது? அதுக்கு யாராவது பதில் சொல்லுங்க."

சிலர் என் பக்கம் திரும்பினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னேன்.

"அதேதான் லோலோ எனக்கும் புரியல. இத்தனை டாக்டரால முடியல. மனாங் வீட்டுக்குப் போனா மட்டும் எப்படிச் சரியாகுது?"

அவ்வளவுதான் சார் நான் சொன்னது. அவள் மேல் ஒரு பழிச்சொல்கூட என் வாயிலிருந்து வரவில்லை. எங்கள் ஊரில் அதற்கு மேல் சொல்லத் தேவையும் இல்லை. நோயை ஏவியவளால்தான் அதை எடுக்க முடியும் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். பாசிங்கின் பக்கத்தில் நின்றிருந்த பெண் தன் பிள்ளையை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். பாசிங் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசியாக என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்பதும் அதே நேரத்தில் புரிந்துவிட்டது.

கிழவர் ஃபெலிசாவிடம், "இனிமே புருஷன் கையால மட்டும் சாப்பிடும்மா. வேற எந்தக் கையும் வேணாம்," என்றார்.

முதலில் அவள் நம்பவில்லை. "மனாங் அப்படிப்பட்டவங்க இல்ல பீனோ," என்று முனகுவாள். நான் எதிர்த்துப் பேசவில்லை. நோய் அவளை நம்பவைத்தது. ஒரு நாள் பாசிங் மூடிய கிண்ணத்தைப் படியில் வைத்துவிட்டு, "கொஞ்சம் ரசந்தான் இந்தாய், வெறும் மீன் தண்ணி," என்றாள். ஃபெலிசா பாயில் படுத்தபடியே சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். "வேணாம் மனாங். எடுத்துட்டுப் போயிடுங்க." பாசிங்கிடம் கருவாடு வாங்குவதை ஊரே நிறுத்தியது. அவள் அதன் பிறகு எங்கள் தட்டிப் பக்கம் வரவில்லை.

ஹாங்காங் வேலையை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். போன் வந்த அன்று ஃபெலிசா என்னிடம் ஈரத்துணி கேட்டாள். அதை வாங்கி, சுவரில் எழுதியிருந்த சொற்களைத் தானே துடைத்தாள். நான் அவளுக்குக் கஞ்சி வைத்தேன். அதன் பிறகு அளவைக் குறைத்தேன். சில நாள் ஒன்றுமே சேர்க்கவில்லை. ஆனால் வயிறு ஏற்கனவே கெட்டிருந்தது, எது போட்டது எது போடாதது என்று அதற்குத் தெரியவில்லை.

மாரிசெல் போனில் கத்தியதால் இலோயிலோ நகரத்துக்குக் கொண்டுபோனோம். பெரிய ஆஸ்பத்திரி. வெளிச்சாப்பாடு கூடாது என்றார்கள். கையில் ஊசி குத்தி மருந்துநீர் ஏற்றினார்கள். அவள் எழுந்து உட்கார்ந்தாள். வாந்தி நின்றது. நான் பிளாஸ்க்கில் கஞ்சி கொண்டுபோனேன். நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் மூடியைத் திறந்தேன்.

"பசியே இல்ல பீனோ," என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "சரி, குடு. இவ்வளவு தூரம் பஸ்ல தூக்கிட்டு வந்திருக்க."

முழுவதையும் சாப்பிட்டாள். அதில் நான் எவ்வளவு சேர்த்திருந்தேன் என்று கேட்டீர்கள். எப்போதும் சேர்ப்பதைவிட அதிகம். மறுநாள் மதியம் இறந்துபோனாள்.

சவப்பெட்டி வீட்டில் இருந்தபோது எங்கள் வழக்கப்படி ஊர் முழுக்க வந்து காபி குடித்தது, சீட்டாடியது. என் தோளைத் தட்டி, "உன்னை மாதிரிப் புருஷன் யாருக்குடா கிடைப்பான்," என்றார்கள். பாவாடை என்று கேலி செய்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை புதைத்தோம். கல்லறையிலிருந்து ஆண்கள் நேராக பாசிங் வீட்டுக்குப் போனார்கள். எதற்குப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். நான் மண் மேட்டின் பக்கத்தில் நின்றுகொண்டு பூக்களைச் சரிசெய்தேன். தென்னை மரங்களுக்கு மேல் புகை வந்தது. அப்போதும் பூக்களைத்தான் சரிசெய்தேன்.

அவளை நீங்கள் காப்பாற்றிக் கொண்டுவந்து பக்கத்து அறையில் உட்காரவைத்திருக்கிறீர்கள். உள்ளே வரும்போது பார்த்தேன். இரண்டு கையிலும் கட்டு. நீங்கள் வைத்த ரொட்டியை எடுக்க முடியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் ஒருவேளை திரும்பிப் போயிருப்பேன். அவள் எதுவும் செய்யவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். செய்தது நான். ஃபெலிசாவை நான்தான் கொன்றேன். பாசிங்கின் வீடும் என் வாயால்தான் எரிந்தது. எழுதிக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு கேள்விக்கு மட்டும் நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஹாங்காங் வேலை எப்போதோ கைவிட்டுப் போய்விட்டது, நடக்கவே முடியாதவள் உன்னை விட்டு எங்கே போய்விடப் போகிறாள், பிறகு எதற்கு அந்தக் கடைசிக் கஞ்சி என்று கேட்டீர்கள். குடும்பம் சிதறக் கூடாது என்பதற்காக என்று சொல்ல வாய் எடுத்தேன். அது பொருந்தவில்லை என்று எனக்கே தெரிந்தது, அதனால் நிறுத்திவிட்டேன்.

அந்தக் கடைசிக் கஞ்சிக்கு முந்தின நாள் நான் வார்டு வாசலில் நின்றேன் சார். ஃபெலிசா என்னைப் பார்க்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரி, பேர்கூடத் தெரியாத ஒருத்தி, ஒரு கரண்டி ஜெல்லியை அவள் வாயருகே நீட்டிக்கொண்டிருந்தாள். ஃபெலிசா சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தாள்.