லோரியின் பின்பலகை

பிற்பகல் இரண்டு நாற்பது. டப், டப் என்று இரண்டு வெடி. பிறகு விடாமல். ரப்பர் மரத்தில் குண்டு பாய்ந்தால் ஈரமான சத்தம் வரும். அன்று தெரிந்துகொண்டேன்.

"வாய்க்கால்ல படுங்க! தலையத் தூக்காதீங்க!" கத்துகிறவர் என் கணவர், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி.

அடைமழை. வாய்க்காலில் ஒரு சாண் நீர். நான், ஐந்து வயது மகன் செல்வம், மகள் தங்கம். அவளுக்குப் பதின்மூன்று. பெரிய மனுஷியாகி ஒன்பதாம் நாள். லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் கட்டிய ஓலைக் குடிசையிலிருந்து ஓடி வந்தவள். எங்களை விட்டுத் தள்ளியே படுத்திருக்கிறாள்.

சுதந்திரம் வரப்போகிறது என்று பேப்பரில் எழுதிக்கொண்டிருந்த காலம். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளும் வெள்ளைக்கார ராணுவமும் சுட்டுக்கொண்டார்கள். நடுவில் எங்கள் லயம். அது எரிந்தது.

திறந்த லோரி வந்தது. "ஏறுங்க, ஏறுங்க!" கணவர் ஏறவில்லை. மற்றவர்களைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார். நாங்கள் மலாக்காவுக்கு, காஜா பேராங்கிலிருக்கும் என் அண்ணன் வீட்டுக்கு.

காற்று. மழையைவிடக் காற்றுதான். நனைந்த துணி வழியாக எலும்பைத் தொடுகிறது. குழந்தைகளை நடுவில் வைத்து ஒருவரோடொருவர் ஒட்டிக்கொண்டோம். மேலே ஒரு கித்தான். தங்கம் மட்டும் பின்பலகையோரம், தனியாக.

"இங்க வாடி."

"வேணாம்மா. தீட்டு. தம்பிக்கு ஆகாது."

அவளே சொல்லட்டும் என்று காத்திருந்ததுபோல, யாரும் மறுக்கவில்லை.

வழியில் மரம் விழுந்து கிடந்தது. லோரி நின்றது. காற்று நிற்கவில்லை. பக்கத்து வீட்டுப் பவுனம்மா கேலி செய்தாள். "உன் பல்லு அடிக்கிற தாளத்துக்கு, சடங்குக்கு மேளக்காரனே வேணாம்டி." தங்கம்கூடச் சிரித்தாள்.

பிறகு அவள் நடுக்கம் நின்றது. சூடு பிடித்துவிட்டது என்று நினைத்தேன். தோட்டப் பள்ளியில் பாடம் நடத்துகிறவள் நான். நடுக்கம் நின்றால் உடம்பு தோற்கிறது என்று எனக்குத் தெரியாது.

"வேக்காடா இருக்கும்மா." தாவணியை அவிழ்க்கிறாள். வார்த்தை குழறுகிறது. செல்வத்தைப் பவுனம்மாவிடம் தள்ளிவிட்டுப் பாய்ந்தேன். அணைத்தேன். கல்லாகக் குளிர்ந்திருந்தாள். என் சேலையும் ஈரம். ஈரத்தின்மேல் ஈரத்தைச் சுற்றினேன்.

காஜா பேராங்கில் விளக்கு வைக்கும் நேரம். அண்ணனின் அடுத்த வீட்டு மலாக்கா செட்டிப் பெண் ஓடி வந்தாள். நெற்றியில் திருநீறு. தமிழ் மறந்த பழைய வம்சம்; பேச்சு மலாய். "புக்கா பாஜு பாசா டூலு!" ஈரத்துணியை முதலில் கழற்று என்கிறாள். யாரோ தீட்டு என்றார்கள். அவள் காதில் வாங்கவில்லை. தங்கத்தை உலர்ந்த சாரோங்கில் சுற்றித் தன் மார்போடு சேர்த்துப் படுத்தாள். விடியும்வரை விடவில்லை. தங்கம் அதற்கு முன்பே போயிருந்தாள்.

போனவை: எங்கள் வீடு. இரண்டு மாடுகள். பள்ளிக்கூடத்துக் கூரை. வாய்க்காலில், பால்மரம் வெட்டுகிற முனியன். லோரியில், ஒரு குண்டும் படாத என் மகள்.

காலையில் கணவர் வந்தார். நடந்தே வந்திருக்கிறார். உடம்பில் சட்டையில்லை. மார்போடு அணைத்தபடி, அந்தச் சட்டையில் சுற்றிக் கித்தானில் கட்டிய ஒரு பொட்டலம். தங்கத்தின் பதினாறாம் நாள் சடங்குக்கு வாங்கி வைத்திருந்த பட்டு. வாசலில் நின்றே சொன்னார்.

"தங்கம் எங்க? புள்ளையோட சேலைய ஒரு சொட்டு நனைய விடல."