இரண்டுக்குப் பதில் இருபது

நாற்காலி வசதியாகவே இருக்கிறது. மின்விசிறியை மட்டும் கொஞ்சம் குறைத்தால் நல்லது. விசாரணை அதிகாரியாக நீங்கள் கேட்பது நியாயம், நானும் ஒளிக்கப்போவதில்லை.

லிஃப்ட்டை இயக்கும் மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. மூடும் கதவுக்குக் குறுக்கே கை வந்தால் இரண்டு நொடிக்குள் அது திறந்துவிட வேண்டும். கணினியே தானாக இதைச் சோதிக்கும். ஆனால் எத்தனை நொடி பொறுக்கலாம் என்ற எண் சோதனைக்குள் இருக்காது. சோதனையை ஓட்டுகிறவர் கணினித் திரையின் கட்டளை வரியில் அதன் பெயரைத் தட்டி, பக்கத்திலேயே எண்ணையும் தட்ட வேண்டும். கட்டடத்துக்குக் கட்டடம் அளவு மாறும் என்று நானே செய்துவைத்த வசதி. முடிவுத் தாளில் தேறினால் பச்சை, தவறினால் சிவப்பு, அது மட்டும் வரும். தட்டிய எண் வராது.

எங்கள் மேலாளர் என் மனைவியின் அண்ணன். கதவு திறக்கச் சில சமயம் பதினைந்து நொடிக்கு மேல் எடுத்தது. நான் சிவப்பைக் காட்டினேன். அவர் அதைச் சாப்பாட்டு மேசை வரை கொண்டுவந்தார்.

"எங்க மாப்பிள்ளைக்கு நல்லது எதுவுமே கண்ணுல படாது. பொண்ணு பாக்க வந்தப்பவே சுவத்துல விரிசல் இருக்குன்னார்."

மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன். விரிசல் இருந்தது உண்மை.

மறுநாள் அலுவலகத்தில், "வெள்ளிக்கிழமைக்குள்ள பச்சை வேணும் மாப்ளே. எப்படின்னு கேக்க மாட்டேன்" என்றார்.

"சரி மச்சான். கேட்டா சொல்றேன்."

இரண்டு தட்டும் இடத்தில் இருபது தட்டினேன். பச்சை வந்தது. மென்பொருளில் ஓர் எழுத்தைக்கூட நான் தொடவில்லை, குறித்துக்கொள்ளுங்கள். அவர் கேட்கவில்லை, கையெழுத்துப் போட்டார். முதல் லிஃப்ட்டை எங்கள் அலுவலகத்திலேயே பொருத்தினார்கள்.

லிஃப்ட் வாங்க வந்தவர்கள் நான்கு பேர். நான் உள்ளே, பொத்தான்களுக்கு அருகில். மச்சான் வெளியே நின்று சட்டைக்கையை மடித்தார்.

"கையை வச்சா போதும், பூ மாதிரி திறந்துக்கும்."

"பேனாவை வச்சுக் காட்டலாமே மச்சான்" என்றேன். நான் எச்சரிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

"பாத்தீங்களா, எங்க மாப்பிள்ளைக்கு எல்லாத்துக்கும் பயம்."

கதவு அவர் முன்கையைக் கவ்வியது. முதலில் அவரும் சிரித்தார். நான்காவது நொடியில், "பட்டனை அமுக்குங்க மாப்ளே" என்றார். எட்டாவதில், "அமுக்குடா" என்றார். பத்து வருட உறவில் முதல்முறையாக மரியாதை குறைந்தது. நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பதினொன்றில் காய்ந்த குச்சி ஒடிவதுபோல ஒரு சத்தம். பதினேழில் கதவு திறந்தது.

கதவைத் திறக்கும் பொத்தான் ஒரு சாண் தூரத்தில் இருந்தும் ஏன் அழுத்தவில்லை என்கிறீர்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் அழுத்தியிருந்தால் நேரம் சரியாகத் தெரிந்திருக்காது, திரும்பவும் முதலிலிருந்து பார்க்க வேண்டியிருக்கும். இன்னொரு தடவை கையை வைக்கச் சொல்லும் அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.