ஆர்கான் மேல் விழுந்த பழி

எலெக்ட்ரானிக் சிட்டி பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு தம்பதி. அவள் வெல்டர், அவன் அதே கம்பெனிக்கு வெல்டிங்குக்கான ஆர்கான் கேஸ் சிலிண்டர் இறக்குபவன். ஒட்டுக்கேட்பது தவறென்று இந்த வயதில் எனக்குத் தெரியாதா? தெரிந்தும், தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அவள் ஆரம்பித்த விதம் அப்படி.

“‘ஜாயின்ட் எல்லாம் கறுப்பா வருது, உன் புருஷன் கேஸ்ல காத்து கலக்குறான்’னு சூப்பர்வைசர் எல்லார் எதிர்லயும் சொல்லிட்டாருய்யா. உன் வண்டிய இனிமே உள்ள விடக்கூடாதுன்னாரு.”

“நீ என்ன சொன்ன?”

“அடுப்புல பால் பொங்கினாக்கூட பாத்துக்கிட்டு நிப்பாரு, சிலிண்டர்ல மட்டும் தப்பு பண்ண மாட்டாருன்னேன்.”

“பால் கதை எதுக்குடி அங்க?”

“கேளு. வேற கம்பெனி சிலிண்டர் மாட்டினோம். அப்பவும் ஜாயின்ட் கறுப்பாத்தான் வந்துச்சு. அப்புறம் கேஸ் வர்ற டியூப் பூரா சோப்புத் தண்ணி தடவினேன். வெல்டிங் டார்ச்சாண்ட நுரை கிளம்புச்சு. டியூப்ல வெடிப்பு, அது வழியாத்தான் காத்து பூந்திருக்கு.”

“அப்ப என் கேஸு?”

“சுத்தம்யா. புது டியூப் மாட்டி, உன் சிலிண்டர்லயே அடிச்சேன். இந்தா, பாரு.”

போனில் ஒரு எவர்சில்வர் பால் டேங்க். பற்றவைத்த இடத்தில் பொன்னிறத்தில், சீராக ஓடும் ஒரே கோடு. நானும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டேன்.

அவன் போனைக் கன்னடக்காரக் கண்டக்டரிடம் நீட்டினான். “நோடி சார், பாருங்க, நம்ம கேஸு!”

அவள் பிடுங்கிக்கொண்டாள். “கேஸ்தான் உன்னுது. கோடு என்னுது.”