ஆறு தாண்டினால் அடுத்த மாவட்டம்

காப்பி நன்றாக இருக்கிறது, ஐயா. ஆற்றுக்கு அந்தப் பக்கம், எங்கள் மாவட்டக் காவல் நிலையத்தில் கொடுப்பது கழுநீர் மாதிரி இருக்கும்.

என் பெயர் டெல்மர் ஃபோய்ட். வீட்டுக் கொட்டகையில் சொந்தக் கையால் விமானம் கட்டுகிறவர்கள் எங்கள் ஊரில் ஒன்பது பேர். மரம், துணி, பசை, கொஞ்சம் அலுமினியம், ஐந்தாறு விஸ்கான்சின் குளிர்காலம். மனைவி பொறுமைசாலி என்றால் எட்டுக் குளிர்காலம். எங்கள் சங்கத்தில் பாதுகாப்புப் பொறுப்பு என்னுடையது.

சென்ற கோடையில் இரண்டு விபத்து. ஒன்றில் வேலி போயிற்று. மற்றதில் நகரசபைத் தலைவி திருமதி பிரிபிலின் சோளக்காடு. தலைவி கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"இன்னொண்ணு விழட்டும். அப்புறம் வீட்ல ஒட்டின எதுவும் நம்ம ஓடுபாதையில உருளக் கூடாது. கம்பெனியில செஞ்ச விமானத்துக்கு மட்டும்தான் கேட்டைத் திறப்பேன்."

"கம்பெனியில செஞ்சதும் விழும்மா," என்றேன்.

"அதுக்குக் கம்பெனி பதில் சொல்லும். உங்களுக்கு யாரு சொல்வா?"

நியாயமான கேள்வி. நானே சொல்லலாம் என்று தீர்மானித்தேன்.

வேலி, சோளம் இரண்டும் லைல் டெஸ்மரின் கைங்கரியம். லைல் என் நண்பர். தங்கமான மனிதர், இறங்குவதில்தான் அவசரம். பேசிப் பார்த்தேன்.

"லைல், கொஞ்ச நாள் பறக்காம இரேன்."

"யோவ் கிழவா, உன் விமானம் கொட்டகைய விட்டு வெளிய வந்து எத்தனை வருஷம் ஆச்சு? கூண்டுக் கோழி கூடத்தான் பாதுகாப்பா இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கோபம் எதுவும் இல்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவர் எப்படியும் ஒருநாள் விழப்போகிறவர். எங்கே என்பதுதான் கேள்வி. எங்கள் விமானத் தளத்தில் விழுந்தால் மற்ற எட்டுப் பேருக்கும் கதவு சாத்தப்படும். ஆறு தாண்டி விழுந்தால் அது உங்கள் மாவட்டத்துக் கணக்கு.

லைலின் விமானத்தில் பெட்ரோல் அளவு காட்டும் முள் வேலை செய்யாது. தொட்டிக்குள் கோடு போட்ட குச்சியை விட்டு, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்ப்பார். அந்தக் குச்சியின் மேல் நான் உட்கார்ந்தேன், ஒடிந்தது. மூன்று முறை உட்கார வேண்டியிருந்தது. பதிலுக்கு மேப்பிள் மரத்தில் புதிதாக ஒன்று செய்து, என் பெயரையும் செதுக்கிக் கொடுத்தேன். கோடுகள் எல்லாம் இருக்கவேண்டிய இடத்துக்கு இரண்டு விரல் கீழே. கால் தொட்டியை அரைத் தொட்டி என்று சொல்லும் குச்சி.

"பெரிய கலைஞன்யா நீ," என்று கட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தளத்தில் ஊருக்கே பான்கேக் விருந்து. திருமதி பிரிபிலும் வந்திருந்தார். லைல் குச்சியை விட்டுப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார், உங்கள் கரையிலிருக்கும் தங்கையைப் பார்க்கக் கிளம்பினார். உங்கள் கரைக் காட்டுக்கு மேல் எஞ்சின் நிற்கும் என்பது என் கணக்கு. எதிர்க்காற்றைச் சேர்க்க மறந்துவிட்டேன். ஆற்றுக்கு எங்கள் பக்கமே நின்றுவிட்டது. திரும்பினால் ஓடுபாதைக்கு வந்துவிடக்கூடிய உயரம். விமானத்தோடு பேசும் வானொலி என் கையில் இருந்தது.

"டெல்மர், எஞ்சின் போச்சு. நான் அங்க வந்துடலாம்."

நான் பதில் சொல்லவில்லை. பாதுகாப்புப் பொறுப்பில் இருப்பவன் அவசரப்பட்டுப் பேசக் கூடாது.

"ஆனா பிரிபில் அம்மா தட்டோட நிக்கிறாளே. நான் கொஞ்சம் கோணலா எறங்கினாலும் உங்க எல்லாருக்கும் கேட்டைச் சாத்திடுவா. வேண்டாம்யா. ஆத்தைத் தாண்டிப் பாக்கறேன். எனக்கு ரெண்டு பான்கேக் மூடி வை."

ஆற்றைத் தாண்டினார். உங்கள் கரை மரங்களைத் தாண்டவில்லை. குச்சி மட்டும் உடையவில்லை; உங்கள் மேசையில் இருக்கிறதே, அதுதான்.

கொலை என்று எழுதுகிறீர்கள். எழுதுங்கள். நான் தனியாக எடுத்த முடிவு என்று மட்டும் எழுதாதீர்கள். எங்கள் சங்கத்தில் எதுவும் முறைப்படிதான் நடக்கும். நான் முன்மொழிந்தேன், லைல் வழிமொழிந்தார்.