ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

அத்தை: ...சர்க்கரை வாங்கிட்டு வாங்கன்னேனே மாப்பிள்ளை. இன்னும் இங்கயே நிக்கறீங்க.

மாப்பிள்ளை: சர்க்கரை இருக்கு அத்தை.

அத்தை: அப்போ டீத்தூள்.

மாப்பிள்ளை: அதுவும் இருக்கு. அலமாரி பூரா சர்க்கரையும் டீத்தூளும்தான். வந்ததும் வராததுமா என்னைக் கடைக்குத் துரத்தறதே உங்களுக்கு வேலையாப் போச்சு. உங்க பொண்ணு இருந்தப்போகூட இந்த வீட்டுல இவ்ளோ சர்க்கரை இருந்ததில்ல.

அத்தை: பக்கத்துல ஆள் நின்னா எனக்குக் குழாயைப் பாக்க வராது. குடிநீர் ஆபீஸ்ல தலை நரைக்கற வரைக்கும் புகார் எடுத்தவ. ஒரு முறை இருக்கு.

மாப்பிள்ளை: உங்க முறைக்கு இன்னைக்குக் கடைசி நாள். பிளம்பர் வர்றாரு.

அத்தை: ...எந்த பிளம்பர்?

மாப்பிள்ளை: வீட்டு ஓனர் அனுப்பறாரு. இந்த சமையல்கட்டு சுவத்தை உடைச்சு, பைப்பை மொத்தமா மாத்தப் போறாராம்.

அத்தை: யாரைக் கேட்டு?

மாப்பிள்ளை: வீடு அவருது அத்தை.

அத்தை: வீடு அவருது. புகார் என்னுது. நான் இன்னும் முடிவே சொல்லல... பைப்பை மாத்திட்டா தண்ணி தெளிஞ்சுடுமே.

மாப்பிள்ளை: அதுக்குத்தானே மாத்தறது.

அத்தை: தெளிஞ்சுட்டா நான் எதுக்கு வர்றதாம் ஞாயித்துக்கிழமை?

மாப்பிள்ளை: என்ன அத்தை இப்படிச் சொல்றீங்க?

அத்தை: பேச்சுக்குச் சொன்னேன். டம்ளரை எடுங்க.

மாப்பிள்ளை: மழையில ஆரம்பிச்சீங்க. இப்போ வெயில் பொளக்குது. வாரத்துக்கு ஒரு காரணம். முதல் வாரம் தெருக்குழாய்...

அத்தை: தெருவுல பள்ளம் தோண்டினாங்க. அடியில படிஞ்ச துரு, சேறு எல்லாம் கிளம்புச்சு. பக்கத்து வீட்டுலயும் செம்மண் நிறம்தான். தப்பாச் சொன்னேனா?

மாப்பிள்ளை: அது சரிதான். அடுத்தது ஹீட்டர்.

அத்தை: சுடுதண்ணி மட்டும் பழுப்பா வந்தா ஹீட்டர்தான்.

மாப்பிள்ளை: இந்தக் குழாய்க்கு ஹீட்டரே கிடையாது.

அத்தை: கிடையாதுன்னு உறுதி பண்ணிக்க வேண்டாமா?

மாப்பிள்ளை: அதுக்கு ஒரு ஞாயிறு போச்சு. அப்புறம் மாடித் தொட்டி. தொட்டில வண்டல் இருந்தா பாத்ரூம் குழாயும் கலங்கணும், அது பளிங்கா வருதுன்னு சொல்லச் சொல்ல என்னை மேல ஏத்திவிட்டீங்க.

அத்தை: நீங்க உள்ள தலையை விட்டு, 'அத்தை, யாரோ என்னை மாதிரியே பேசறாங்க'ன்னீங்க.

மாப்பிள்ளை: கீழ நின்னு நீங்க சிரிச்ச சிரிப்பு தொட்டிக்குள்ள கேட்டுச்சு... ஆபீஸ்ல உங்களுக்கு ஒரு பட்டப்பேர் உண்டுல்ல?

அத்தை: 'நாலு கேள்வி'.

மாப்பிள்ளை: நாலே கேள்வில காரணத்தைச் சொல்ற ஆளு. நம்ம வீட்டுக்கு மட்டும் ஏன் இப்படி இழுக்குது?

அத்தை: சிக்கலான கேஸ்.

மாப்பிள்ளை: சரி, நான் இப்போ போன் பண்றேன். ட்ரிங் ட்ரிங்.

அத்தை: என்ன இது, சின்னப் புள்ள மாதிரி...

மாப்பிள்ளை: ட்ரிங்.

அத்தை: ...வணக்கம், குடிநீர் புகார்ப் பிரிவு. சொல்லுங்க சார்.

மாப்பிள்ளை: குழாயைத் திறந்தா டீ வருதும்மா.

அத்தை: பால் கலந்தா, கலக்காமயா?

மாப்பிள்ளை: கலக்காம. இது அந்த நாலுல சேருமா?

அத்தை: சேராது, இது இலவசம். அக்கம்பக்கத்துல எப்படி?

மாப்பிள்ளை: எல்லாருக்கும் நல்லாத்தான் வருது.

அத்தை: அப்போ தெருக்குழாய் இல்ல. சுடுதண்ணியா, பச்சைத்தண்ணியா?

மாப்பிள்ளை: பச்சைத்தண்ணி.

அத்தை: ஹீட்டர் இல்ல. எல்லாக் குழாயிலயுமா?

மாப்பிள்ளை: சமையல்கட்டுல மட்டும்.

அத்தை: தொட்டி இல்ல. நாள் பூரா வருதா, இல்ல திறந்த உடனேயா?

மாப்பிள்ளை: திறந்ததும் ஒரு சொம்பு. அப்புறம் தெளிஞ்சுடும்.

அத்தை: அப்போ...

மாப்பிள்ளை: அப்போ?

அத்தை: ...லைன் சரியில்ல சார். கட்டாகுது.

மாப்பிள்ளை: அத்தை.

அத்தை: அந்தக் குழாய்லதான் சார் துரு. இல்லாட்டி அதுக்குப் போற பழைய இரும்பு பைப்புல. போதுமா? போனை வைங்க.

மாப்பிள்ளை: நாலே கேள்வி. டீ கொதிக்கறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு.

அத்தை: முடிஞ்சுபோச்சு... என்னைக்கோ முடிச்சிருக்கலாம்.

மாப்பிள்ளை: பிளம்பர் வர்றதுக்குள்ள நான் ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது.

அத்தை: கேட்டுட்டுத்தான் சொல்ல முடியும்.

மாப்பிள்ளை: தெருவுல பள்ளத்தை மூடினதும் தண்ணி தெளிஞ்சுடுச்சு.

அத்தை: எந்தத் தண்ணி?

மாப்பிள்ளை: இந்தத் தண்ணிதான். அடுத்த ஞாயிறு திரும்ப வந்து பாக்கறேன்னு சொல்லிட்டுப் போயிருந்தீங்க. சனிக்கிழமை திறந்து பாக்கறேன், கண்ணாடி மாதிரி கொட்டுது. எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு.

அத்தை: நல்ல தண்ணியைப் பாத்துப் பயந்த ஒரே ஆள் நீங்கதான்.

மாப்பிள்ளை: அவ போனப்புறம் நீங்க இங்க வரவே இல்ல. துக்கம் கேக்க வந்தவங்களோட கிளம்பினீங்க, அதோட சரி.

அத்தை: பொண்ணு இல்லாத வீட்டுக்கு என்ன சொல்லிட்டு வர்றது? நீங்களாவது நிம்மதியா மூச்சு விடணும்னு இருந்தேன்.

மாப்பிள்ளை: மூச்சு விட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். வேற ஒண்ணும் பண்ணல. தண்ணி கலங்கினதும் உங்களைக் கூப்பிட ஒரு சாக்கு கிடைச்சுது. வந்தீங்க. டம்ளரை வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு, 'என் மக போடற டீயும் இதே நிறம்தான்'னீங்க.

அத்தை: உண்மைதானே. ருசியும் கிட்டத்தட்ட இதேதான்.

மாப்பிள்ளை: அன்னைக்குத்தான் சிரிச்சேன். அவ போனப்புறம் முதல் தடவை.

அத்தை: தெரியும். பாத்தேன்... சரி, சனிக்கிழமைக்கு வாங்க. தண்ணி கண்ணாடியாக் கொட்டுது. என்ன பண்ணீங்க?

மாப்பிள்ளை: சிங்குக்கு அடியில பாத்திரம் தேய்க்கற கம்பி நார் ஒண்ணு துருப்பிடிச்சுக் கிடந்துச்சு. குழாய் மூக்கைக் கழட்டி உள்ள திணிச்சுட்டேன்.

அத்தை: படிச்ச புள்ள.

மாப்பிள்ளை: திட்டறீங்க.

அத்தை: இல்ல, மெச்சறேன். குடிக்கறது கேன் தண்ணிதானே?

மாப்பிள்ளை: கேன்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் அதை எடுத்துடணும்னு நினைப்பேன். மறுநாள் ஞாயிறா இருக்கும். விட்டுடுவேன்.

அத்தை: ம்.

மாப்பிள்ளை: இப்போ எடுக்கணும். இல்லைன்னா அந்தாளு வந்து நல்ல சுவத்தை உடைப்பாரு.

அத்தை: நீங்க கை வைக்காதீங்க. நான் எடுக்கறேன். நீங்க போய்ச் சர்க்கரை...

மாப்பிள்ளை: அத்தை, சர்க்கரை இருக்கு. தண்ணி தெளிஞ்சா நிஜமாவே வர மாட்டீங்களா?

அத்தை: ஒரு காரணமும் இல்லாம வாராவாரம் வந்து உக்காந்தா அதுக்கு என்ன பேரு?

மாப்பிள்ளை: மாமியார் வந்திருக்காங்கன்னு பேரு.

அத்தை: ...பேரு கேக்க நல்லாத்தான் இருக்கு.

மாப்பிள்ளை: அப்போ சரி. கொஞ்சம் தள்ளுங்க... என்ன இது, குழாய் மூக்கு தொட்டதும் கழண்டு வருது? அன்னைக்கு நான் என்ன பாடுபட்டேன்.

அத்தை: நல்ல குழாய்.

மாப்பிள்ளை: அத்தை.

அத்தை: பெல் அடிச்ச மாதிரி இல்ல?

மாப்பிள்ளை: அடிக்கட்டும். நான் வச்ச நார் தொட்டாலே பொடியாகிற பழசு. இது புதுசு. ஓரத்துல இன்னும் பளபளப்புக்கூடப் போகல.

அத்தை: பாவம், வாசல்ல நிக்கறாரு...

மாப்பிள்ளை: இது எப்படி உள்ள வந்துச்சு?

அத்தை: நீங்க வச்சது ரெண்டு மூணு வாரத்துலயே கரைஞ்சுபோச்சு மாப்பிள்ளை. அதுக்கப்புறம் நீங்க சர்க்கரை வாங்கப் போற நேரமாப் பாத்து நான்தான் மாத்தி மாத்தி வச்சேன். எது சீக்கிரம் துருப்பிடிக்கும், அதைக் குடுங்கன்னு கேட்டா அந்தக் கடைக்காரர் என்னைப் பாக்கற பார்வை இருக்கே... போங்க, கதவைத் திறங்க. சுவத்துல வேலை இல்ல, டீ குடிச்சுட்டுப் போகச் சொல்லுங்க. அதான் சர்க்கரை இருக்கே.