பொழுது சாய்ந்தால் மடங்கும் கன்றுகள்

கொல்லம் ஆண்டு 1107, ஆவணி, சனிக்கிழமை. என் நாட்குறிப்பில் உள்ளபடி, நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழிக்குப் போகும் மாலை பஸ். முன் இருக்கையில் நகரசபையின் சாலையோர மரக்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் ஒருவன். அருகில், காலிக் கூடையோடு தோவாளைக்குத் திரும்பும் பூக்காரி. பின் இருக்கையில் நான்.

"மரம் செத்துப்போச்சு அக்கா. அதான் ஊரை விட்டுப் போறேன்."

"எந்த மரம்லே?"

"இன்னைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தேன். மத்தியானம் பச்சையா நின்ன கன்னு, வைகிட்டு பொழுது சாயப் பாத்தா இலையெல்லாம் மடங்கித் தொங்குது. காலையில மேஸ்திரி வந்தா வேலை போயிரும்."

"ஒரு கன்னா?"

"வரிசை பூரா."

"வரிசை பூரா ஒண்ணுபோல சாவுமா மக்கா? அது உறங்குற மரம். எங்க குளத்தங்கரையில ஒண்ணு நிக்கு. பொழுது சாய இலையை மூடும், விடிஞ்சா விரிக்கும்."

"மரம் உறங்குமா அக்கா?"

"நீயும்தான் உறங்குவே. செத்தா போற?"

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பஸ்ஸுக்குள் வீசியது. கூடையில் ஒட்டியிருந்த பிச்சிப்பூ மணத்தது. தோவாளையில் அவள் இறங்கியதும் அவனும் இறங்கி, வந்த வழியே நாகர்கோவிலை நோக்கி நடந்தான்.

மறுநாள் இலைகள் விரிந்தபோது அவன் அங்கே நின்றானா என்பதை நான் இன்னும் உறுதி செய்யவில்லை.