வேட்டுப் போடாத ஊர்

இல்ல டீச்சரம்மா, வேன் இங்கன வராது. கரிசக்காடுலா, வண்டி இறங்குனா டயர்ல மண்ணு அப்பிக்கிட்டு நகராது. ஆமா, மழை பேஞ்சு மாசக்கணக்காச்சு, காஞ்சுதான் கெடக்கு. நீங்களும் இப்பம் ஸ்கூட்டர்லதான வந்தீய. இருந்தாலும் சின்னப் பிள்ளைய, வெடிப்புல கால் மாட்டுனா சுளுக்கிரும்.

நான் என்ன சொல்லுதேன்னா, சனிக்கிழமை பிள்ளையளக் குருமலைக்குக் கூட்டிட்டுப் போங்க. காட்டிலாகாவுல முன்கூட்டியே கேட்டுக்கிடுங்க. விடியக்காலம் புள்ளிமான் தண்ணிக்கு இறங்கும். இல்லையா, வல்லநாட்டுக்குப் போங்க. வெளிமான் துள்ளுச்சுன்னா கால் தரையில படுதா இல்லையான்னே தெரியாது. கழுகுமலை இருக்கு. பாறை மேல ஏறி நின்னா பருத்திக்காடும் கம்மங்காடும் கட்டங்கட்டமாத் தெரியும், நடுவுல காத்தாடி சுத்தும். வாரப்பம் கடம்பூர்ல ஆளுக்கொரு போளி வாங்கிக் குடுத்தீயன்னா எந்தப் பிள்ளையும் நாரையக் கேக்காது. இந்தக் கம்மாயில என்ன இருக்கு? தண்ணியும் கருவேலமும்.

வேட்டுப் போடாத ஊர்னு கிளாஸ்ல சொல்லிட்டீயளா? படம் வேற வரைஞ்சிருக்காவளா? வேண்டாம், காட்டாதீங்க. சரி, எடுத்துட்டீய, காட்டுங்க. கூழக்கடாவுக்கு அலகுக்குக் கீழ தாடப்பை நல்லா வந்திருக்கு. பக்கத்துல வேட்டி கட்டிட்டு நிக்கது யாரு? நானா? உள்ள வையுங்க தாயி, காத்துல பறந்துரும்.

அது உள்ளதுதான், இல்லைங்கல. தீவாளிக்குப் போட மாட்டோம். தீவாளி என்ன பெரிசு, கோயில் கொடைக்கே வேட்டுக் கெடையாது, கொலவைதான். எம் பெண்டாட்டி சுந்தரேஸ்வரி போனப்பம் ஒரு ஓலை வெடி இல்லாமத்தான் தூக்குனோம். அவ அண்ணன்மாரு, இது என்ன அனாதைப் பொணமான்னு சண்டைக்கு வந்தாவ. மரத்துல குஞ்சு இருக்கு, பொறுத்துக்கிடுங்கன்னு சொன்னேன். அன்னைக்கு வாய் இருந்துச்சு.

மரத்துல கூடுகள எண்ணுவேன், ஆமா. யாரு சொன்னா? பல் தேய்க்கையில கரையில நின்னு எண்ணுத பழக்கம். தை பொறந்தன்னைக்கு நூத்திப் பதினேழு. பொறவு எண்ணல.

சோலி வந்துட்டு. எம் பொண்ணு பூங்கொடிக்குக் கல்யாணம், இங்கன ஊர்லதான். மாப்பிள்ள வீட்டுக்காரவிய பட்டாசு ஆலை வச்சிருக்காவ. சம்பந்தி நல்ல மனுசன், குறை சொல்ல முடியாது. சீருன்னு ஒரு சொம்பு கேக்கல. நிச்சயத்தன்னைக்கு, மாப்பிள்ள அழைப்புக்கு எங்க சரக்குதான் வெடிக்கும்னு சந்தோசமாச் சொன்னாவ. சபையில இருந்த எங்க ஊர்க்காரவிய எல்லாம் என்னப் பாத்தாவ. நான்தான சொல்லணும். கூட்டத்துல எனக்கு நாக்கு எந்திரிக்காது தாயி. பொறவு தனியாச் சொல்லிக்கிடலாம்னு இருந்தேன். போன எடுப்பேன், ரிங்கு போறதுக்கு முன்னால வச்சிருவேன். தட்டு மாத்துன பொறவு, கூழக்கடாவுக்காண்டி சம்பந்தி வீட்டுல மல்லுக்கு நிக்கான்னு பேராயிட்டுன்னா, நாளைக்கு அங்க போயி வாழுறது பூங்கொடிலா.

கம்மாக்கரையிலதான் மாப்பிள்ள காரை நிப்பாட்டுனாவ. அங்கனதான் எடம் அகலம். பத்தாயிரம் வாலாவப் பாய் மாதிரி விரிச்சாவ. அவியளக் குத்தம் சொல்லக் கூடாது, சொன்னாத்தான தெரியும். மொத வெடிக்கே மரத்துல இருந்தது பூராவும் எந்திரிச்சிட்டு. வானம் வெள்ளையாப் போச்சு. குஞ்சுக்குப் பறக்கத் தெரியாதுலா. அதுவும் கூடச் சேந்து குதிச்சிட்டு, தண்ணியில.

ஊர்ல ஒருத்தரும் ஒரு சொல் கேக்கல. கேட்டாத் தேவல. டீக்கடைத் தங்கமாரி மட்டும் கிளாஸ வைக்கையில, என்ன மாமா, இந்த வருசம் உருப்படி எத்தனன்னு கேட்டா. சீனி போடாத டீ. மறந்துட்டா போலன்னு குடிச்சிட்டு வந்துட்டேன். அன்னையிலருந்து கம்மாய்க்கு முதுகக் காட்டித்தான் பல் தேய்க்கேன்.

பத்த வச்சது யாரா? அதுல என்ன, பொண்ணப் பெத்தவியதான் மொதத் திரி வைக்கணும்னு சம்பந்தி ஊதுபத்திய என் கையில குடுத்தாவ. மரியாதை குடுக்காவ. வாங்கிக்கிட்டேன்.

பிள்ளையளுக்கு என்ன சொல்லுவீயளோ, அது உங்க பாடு. அந்தப் படத்துல என்ன மட்டும் அழிச்சிரச் சொல்லுங்க.

ஒண்ணு செய்யுதீயளா? உங்க கழுத்துல கெடக்குத குழாயில தூரத்துல இருக்கதும் பக்கத்துல தெரியுமாம்லா. எனக்கு வேண்டாம், நீங்க வச்சுப் பாருங்க. தெக்க, மதகுக்கு அந்தால, ஒத்தையா நிக்கி பாருங்க ஒரு கருவேலம். நேத்து சாயந்திரம் அந்தப் பக்கம் அலகு தட்டுத சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சு. காத்தாவும் இருக்கலாம். நான் இங்கனயே திரும்பி நிக்கேன். எனக்குக் கேக்குத மாதிரி எண்ணுங்க.

ம். ரெண்டு. மூணு.

ஏன் தாயி நிப்பாட்டிட்டீய?